விசேஷ வீட்டு இலையும் மணியின் வயிறும்: புதுவண்ணாரப்பேட்டை நிகழ்வு ஆய்வு

நாயின் பெயர் மணி. நான்கு வயது ஆண், நாட்டு நாய், கருத்தடை ஆனது. புதுவண்ணாரப்பேட்டையில் மூன்று குடித்தனங்கள் ஒரே வாசலில் புழங்கும் வீட்டில், மாடிப்படிக்கு அடியில் அதன் படுக்கை. காலையில் இரண்டு சப்பாத்தி, ராத்திரி சோறும் வேகவைத்த கோழியும் வழக்கமான சாப்பாடு. ஆண்டுத் தடுப்பூசி ஆகஸ்டில் போட்டாயிற்று. பூச்சி மருந்து கொடுத்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. இந்தக் கடைசி விவரத்தை நான்கு நாள் வரை யாரும் பொருட்படுத்தவில்லை.

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு ஞாயிறு. மாடிக் குடித்தனத்தில் காதுகுத்து. மட்டன் பிரியாணி, தால்சா, வெங்காயப் பச்சடி, பிரெட் அல்வா. பிற்பகல் மூன்று மணிக்கு, சாப்பிட்ட இலைகளைக் கட்டி வாசலோரம் வைத்திருந்த கறுப்புக் கவரை மணி கிழித்தது. யாரோ பார்த்து விரட்டுவதற்குள் பாதிக் கவர் காலி.

நாய்க்கு வாந்தி, பேதி என்றால் நம் பக்கத்தில் முதலில் எழும் கேள்வி "என்ன மாத்திரை கொடுக்கலாம்?" என்பதுதான். இந்த நிகழ்வில் நாய் தேறியதற்கு மாத்திரை பெரிய காரணம் இல்லை. நேரம் போட்டு எழுதி வைத்ததும், எடை பார்த்ததும், அளந்து கொடுத்ததும்தான் காரணம். இடையில் கெட்டுப்போனதும் ஒரு கிண்ணம் அளக்காத சோற்றால்தான்.

முதல் இரவு

வீட்டின் மூத்த மகள் கல்லூரி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியது இப்படி இருக்கிறது:

9.30 – வாந்தி. சோறு, கறிக் கொழுப்பு, இலைத் துண்டு.
9.45 – பால் ஒரு டம்ளர் குடிச்சது.
10.15 – வாந்தி. திரிஞ்ச பால்.
11.40 – வாந்தி. மஞ்சள் நுரை மட்டும்.
5.10 – பேதி. நிறைய. தண்ணியா.

இந்த ஐந்து வரி பிறகு மருத்துவருக்குச் சொன்ன சேதி அதிகம். 9.45-க்கும் 10.15-க்கும் நடுவில் இருக்கும் அரைமணியைப் பாருங்கள். வெறும் வயிறாகக் கிடக்கிறதே என்று ஊற்றிய பால்தான் இரண்டாவது வாந்தி. வளர்ந்த நாய்களின் குடலில் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைவு. அதோடு புண்பட்ட இரைப்பையை ஒரேயடியாக 150 மி.லி. நிரப்பினால் அது விரிந்து, விரிந்ததே அடுத்த வாந்தியைத் தூண்டும். பாலுக்குப் பதில் அதே அளவு பச்சைத் தண்ணீர் கொடுத்திருந்தாலும் வெளியே வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

வாந்தியா, எதுக்களித்து வந்ததா என்பதையும் பார்த்து எழுத வேண்டும். வயிறு உள்ளிழுத்துக் குலுங்கி, எச்சில் ஒழுகி, அப்புறம் வந்தால் வாந்தி. தலையைத் தாழ்த்தியதும் முயற்சியே இல்லாமல் செரிக்காத உணவு சரிந்து விழுந்தால் அது உணவுக்குழாய்ச் சிக்கல். அதற்கு வீட்டுப் பராமரிப்பு உதவாது. மணிக்கு வந்தது வாந்திதான்.

குப்பைக் கவரைப் பிரித்துப் பார்த்தது

அந்த வீட்டில் செய்தவற்றில் மிக நல்ல காரியம் இதுதான் என்று சொல்ல வேண்டும். இரவு பத்தரைக்கு, மகளும் அம்மாவும் கையில் பாலித்தீன் உறை மாட்டிக்கொண்டு, கிழிந்த குப்பையை வாசல் விளக்கு வெளிச்சத்தில் பழைய செய்தித்தாள் மேல் கொட்டிப் பரப்பினார்கள். என்ன குறைகிறது என்று பார்ப்பதற்காக.

தேடியது நான்கு. முதலாவது, பார்சல் கவர். தால்சா கட்டிய சின்ன பிளாஸ்டிக் கவரை ரப்பர் பேண்டோடு நாய் விழுங்கிவிடும், மசாலா வாசனை அதில்தான் நிற்கிறது. குடலில் போய் அடைத்தால் அறுவை சிகிச்சைதான். விசேஷ வீட்டிலிருந்து பார்சல் வந்தது ஆறு கவர் என்று தெரியும். குப்பையில் ஆறும் இருந்தன. ஒன்றில் பல் பட்ட ஓட்டை, ஆனால் துண்டு போகவில்லை.

இரண்டாவது, எலும்பு. வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடையும். நல்லி எலும்புகள் பெரும்பாலும் முழுசாகக் கிடந்தன.

மூன்றாவது, பிரெட் அல்வாவில் உலர் திராட்சை. திராட்சை, உலர் திராட்சை இரண்டும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். எவ்வளவு தின்றால் ஆபத்து என்று உறுதியான கணக்கு இல்லாததால், தின்றது தெரிந்தாலே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாடி வீட்டில் கேட்டார்கள். முந்திரி மட்டும்தான் போட்டது, திராட்சை இல்லை என்றார்கள். கேட்டது சரி. கேட்காமல் "அல்வாதானே" என்று விட்டிருந்தால் தவறு.

நான்காவது, வெங்காயம். பச்சையோ வதக்கியதோ, வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். நாயின் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் போனால் ரத்தத்தில் மாற்றம் தெரியும். 18 கிலோ நாய்க்குக் கீழ் எல்லை 270 கிராம். பச்சடிக் கிண்ணத்தில் பாதிக்கும் மேல் மீதி இருந்தது. பிரியாணி மசாலாவோடு சேர்த்தாலும் 100 கிராமைத் தாண்டியிருக்காது என்பது மதிப்பீடு. மதிப்பீடுதான் என்பதால், அடுத்த ஐந்து நாள் ஈறு வெளுக்கிறதா, சிறுநீர் டீ டிக்காக்ஷன் நிறத்தில் போகிறதா என்று பார்ப்பது என முடிவானது. வெங்காயத்தின் கேடு அன்றே தெரியாது, மூன்று நாள் கழித்துதான் முகம் காட்டும்.

உடம்பைப் பார்த்தது

எடை: வீட்டு எடை மெஷினில் அம்மா மட்டும் 64 கிலோ, நாயைத் தூக்கிக்கொண்டு 82. ஆக 18. இந்த ஓர் எண் இல்லாமல் தண்ணீர், சோறு, மருந்து எதையும் கணக்கிட முடியாது.

உடல் சூடு: சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி, ஆசனவாயில் இரண்டு சென்டிமீட்டர் அளவு நுழைத்து, சத்தம் வரும்வரை பிடிக்க வேண்டும். வாலை ஒருவர் தூக்கிப் பிடித்து, இன்னொருவர் தலையை அணைத்துக்கொண்டால் நாட்டு நாயும் நிற்கும். மணியின் சூடு 102.2 டிகிரி. நாய்க்கு 101 முதல் 102.5 வரை இயல்பு. மனிதக் கணக்கை வைத்துக்கொண்டு காய்ச்சல் என்று பதறக் கூடாது. அந்தத் தெர்மாமீட்டரில் "நாய்" என்று எழுதித் தனியே வைத்துவிடுங்கள்.

ஈறு: விரலால் அழுத்தினால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். நாட்டு நாய்கள் பலவற்றுக்கு ஈறு கறுப்பு. அங்கே அழுத்தி ஒன்றும் தெரியாது. மணிக்கும் அப்படியே. கீழ் உதட்டின் உட்புறத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவு ரோஸ் திட்டு இருந்தது, அங்கே பார்த்தார்கள். அதுவும் இல்லாத நாய்க்குக் கீழ் இமையை இழுத்து உட்புற நிறத்தைப் பார்க்கலாம். ஈறு வழவழவென ஈரமாக இருந்தது. விரல் ஒட்டிக்கொண்டு பிசுபிசுத்தால் உடம்பில் நீர் குறைந்துவிட்டது என்று அர்த்தம். அப்படிக் கண்ணுக்கும் விரலுக்கும் தெரியும்போதே எடையில் ஏறக்குறைய 5 சதவீதம் நீர் போயிருக்கும். 18 கிலோ நாயில் அது 900 மி.லி. எனவே "இன்னும் ஒண்ணும் தெரியல" என்பதை "இன்னும் ஒன்றும் குறையவில்லை" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நாடி தொடையின் உட்பக்கத்தில், 15 நொடிக்கு 24, நிமிடத்துக்கு 96. மூச்சு நிமிடத்துக்கு 22. வயிற்றை இரு பக்கமும் உள்ளங்கையால் மெல்ல அமுக்கியபோது இறுகவில்லை, திரும்பிக் கடிக்க வரவில்லை. முன்கால்களைத் தரையில் நீட்டி, பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும் நிலை காணவில்லை. கொழுப்பான கறி தின்ற நாய் அப்படி நின்றால் கணைய அழற்சியைச் சந்தேகிக்க வேண்டும். விசேஷ நாட்களை ஒட்டி வரும் கேடு அது.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்ற முடிவு. வளர்ந்த நாய், தடுப்பூசி ஆனது, தலை தூக்கிப் பார்க்கிறது, ரத்தம் இல்லை, சூடு இயல்பு, என்ன தின்றது என்று தெரியும். இவற்றில் ஒன்று பொய்த்தாலும் முடிவு மாறும். ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டி என்றால் வீட்டுப் பராமரிப்பு என்ற பேச்சே கிடையாது. தடுப்பூசி முழுசாக ஆகாத குட்டி வாந்தி எடுத்து, நாற்றமடிக்கும் ரத்தப் பேதி போனால் அது பார்வோ வைரஸ் நோய் என்றே கொண்டு ஓட வேண்டும். பட்டினி போட்டாலே குட்டிக்கு ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். வயிறு மத்தளம் மாதிரி உப்பி, ஓங்கரித்தும் ஒன்றும் வெளியே வராவிட்டால், எந்த வயது நாயானாலும் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும், இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். சூடு 103-ஐத் தாண்டினாலும் 99-க்குக் கீழ் போனாலும், ஈறு வெளுத்தாலும் மஞ்சளித்தாலும், மலம் தார் போலக் கறுத்தாலும், குடித்த தண்ணீர்கூட நிற்காமல் வாந்தி தொடர்ந்தாலும், எலி பேஸ்ட் வைத்த வீட்டுப் பக்கம் போயிருந்தாலும் அதே விதி. மழைக்காலத்தில் இன்னொன்று: தெருவில் எலியும் சாக்கடையும் கலந்த தண்ணீர் நிற்கும் நாட்களில் காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்து வந்து, கண் மஞ்சளித்தால் எலிக்காய்ச்சலைச் சந்தேகிக்க வேண்டும். அது நாயின் சிறுநீர் வழியாக மனிதருக்கும் வரும். கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

தண்ணீர்

கடைசி வாந்தி 11.40. அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து மேலே வைத்துவிட்டார்கள். நள்ளிரவு தாண்டி 1.10-க்கு ஆரம்பித்தது: 15 மி.லி., இருபது நிமிடத்துக்கு ஒருமுறை. இருமல் மருந்து மூடியில் 15 மி.லி. கோடு இருக்கும், அதுவே போதும். நக்கிக் குடிக்க வைத்தார்கள். சிரிஞ்சால் தொண்டைக்குள் பீய்ச்சவில்லை. பீய்ச்சினால் நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகும், வயிற்றுக் கோளாற்றை விட அது மோசம். மூன்று மணி நேரம் நின்றதும், அரைமணிக்கு ஒருமுறை 50 மி.லி. விடிந்தபின் கிண்ணம் தரைக்கு வந்தது.

18 கிலோ நாய்க்குச் சாதாரண நாளிலேயே கிலோவுக்கு 50 முதல் 60 மி.லி. வீதம் 900 முதல் 1,080 மி.லி. நீர் வேண்டும், உணவில் இருப்பதையும் சேர்த்து. பேதியில் போவது அதற்கு மேல்.

ஓ.ஆர்.எஸ். கொடுக்கலாம், ஆனால் இங்கே ஒரு பிழை வீட்டுக்கு வீடு நடக்கிறது. ஒரு லிட்டருக்கான பொட்டலமும் உண்டு, 200 மி.லி.க்கான சின்னப் பொட்டலமும் உண்டு. பெரிய பொட்டலத்தில் கொஞ்சம் கையால் எடுத்து டம்ளரில் கலக்கினால் உப்பு எவ்வளவு விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. உப்பு மிஞ்சினால் குடலிலிருந்து இன்னும் நீர் இறங்கும். பொட்டலம் முழுவதையும், அதில் எழுதியிருக்கும் அளவு நீரில், காய்ச்சி ஆறவைத்ததில் கரைத்து, 24 மணி நேரத்தில் மீதியைக் கொட்டிவிட வேண்டும். பெட்டியில் வரும் இனிப்புப் பானங்கள் அதற்கு ஈடாகாது. "சர்க்கரை இல்லாதது" என்று போட்டிருந்தால் தொடவே கூடாது. சைலிட்டால் என்ற இனிப்பூட்டி நாயைக் கொல்லும். மணி ஓ.ஆர்.எஸ்.ஸை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. பல நாய்கள் அப்படித்தான். உப்புப் போடாமல் கோழி வேகவைத்த தண்ணீரை ஆறவைத்து, மேலே படியும் கொழுப்பை வழித்துவிட்டுக் கொடுத்தார்கள். கிண்ணத்தைத் தேய்த்து நக்கியது.

மழை நாளில் குழாய்த் தண்ணீர் கலங்கி வரும் தெருக்களில், நாய்க்கும் கேன் தண்ணீரோ காய்ச்சியதோதான். வாசலில் மழை விழும் கிண்ணத்தைக் கவிழ்த்து வையுங்கள்.

சோறு

வாந்தி நின்று பன்னிரண்டு மணி நேரம் கழித்து, திங்கள் நண்பகல் முதல் சாப்பாடு. வாந்தி இல்லாமல் பேதி மட்டும் என்றால் இந்தப் பட்டினியும் தேவையில்லை. குடலின் உட்சுவர் தன் உணவில் ஒரு பங்கைச் செரிக்கும் சோற்றிலிருந்தே நேராக எடுத்துக்கொள்கிறது, வெறும் குடல் மெதுவாகத்தான் ஆறும்.

கணக்கு: எடையை 30-ஆல் பெருக்கி 70 கூட்டினால் ஓய்வில் இருக்கும் நாய்க்கு ஒரு நாளைக்கு வேண்டிய கலோரி. 18 கிலோவுக்கு 610. இதை முழுசாக எட்டும் நாளில் 100 கிராம் பச்சரிசி, பச்சையாக எடைபோட்டால் 175 கிராம் கோழி நெஞ்சுக்கறி. அரிசியைச் சமைக்கும் முன் எடை போடுவது முக்கியம், ஏனென்றால் குழைந்த சோற்றில் தண்ணீர் எவ்வளவு என்று சொல்ல முடியாது. அரிசிக்கு ஐந்து பங்கு நீர், குக்கரில் ஆறேழு விசில், கரண்டியால் மசிக்க வர வேண்டும். கோழி தோல், எலும்பு இல்லாமல் தனியே வெந்து நார் நாராகப் பிய்த்தது. உப்பு, மஞ்சள், பூண்டு, எண்ணெய் ஒன்றும் இல்லை.

முதல் நாள் இதில் மூன்றில் ஒரு பங்கு மட்டும், ஐந்து வேளையாக. ஒரு வேளைக்கு இரண்டு குழிக்கரண்டிகூட வராது. வீட்டில் எல்லோருக்கும் மனம் கேட்காத இடம் இதுதான். இரண்டாம் நாள் மூன்றில் இரண்டு பங்கு, மூன்றாம் நாள் முழு அளவு. அதன்பின் பழைய சாப்பாட்டைக் கால், அரை, முக்கால் என்று நாலு நாளில் திரும்பக் கலக்க வேண்டும். கோழிச்சோற்றிலேயே வாரக்கணக்கில் வைத்திருக்கவும் கூடாது, கால்சியம் உள்பட பலதும் அதில் போதாது.

மலம் சொல்லும் சேதி

திங்கள் காலை போனது அளவில் அதிகம், தண்ணீர், இரண்டே முறை. மாலைக்குள் குணம் மாறிவிட்டது: ஆறு முறை, ஒவ்வொரு தடவையும் ஒரு கரண்டி, வழவழவெனச் சளி சுற்றியது, கடைசியில் ஒரு சிவப்புப் பொட்டு. முக்கி முக்கி நின்றது.

முதல் வகை சிறுகுடலிலிருந்து. இரண்டாவது பெருங்குடல் எரிச்சல். செரிக்காத கொழுப்பு பெருங்குடலுக்குப் போய் அங்கேயுள்ள நுண்ணுயிர்கள் அதை மாற்றும்போது சுவர் புண்படுகிறது, சளி வடிகிறது. முக்கியதால் நுனியில் வந்த ஒரு பொட்டுச் சிவப்பு ரத்தம் தனியாகப் பயப்படத்தக்கது அல்ல. ஜாம் போலக் கொழகொழவென ரத்தமே போனால் கதை வேறு. சில மணி நேரத்தில் நாய் சுருண்டுவிடும்.

பெருங்குடல் பேதிக்கு இசப்கோல் நன்றாகக் கேட்கும். ஒரு தேக்கரண்டியை 100 மி.லி. நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, கூழான பிறகு சோற்றில் பிசைந்து இரண்டு வேளை. உலர்வாகத் தூவக் கூடாது, தொண்டையிலோ குடலிலோ கிடந்து அங்கிருக்கும் நீரை இழுத்து உப்பும். சுவை சேர்த்த வகையும் வேண்டாம். இசப்கோல் இல்லாத வீட்டில் தோல் சீவி வேகவைத்து மசித்த பரங்கிக்காய் இரண்டு மேஜைக்கரண்டி அதே வேலையைக் கொஞ்சம் மெதுவாகச் செய்யும்.

மகள் நோட்டில் மலத்துக்கு மதிப்பெண் போட்டாள்: 1 கட்டை, 2 இயல்பு, 7 வெறும் தண்ணீர். திங்கள் காலை 7, மாலை 6, செவ்வாய் மாலை 5, புதன் காலை 4. "பரவாயில்ல" என்ற சொல்லைவிட இந்த நான்கு எண்கள் உண்மையானவை.

கொடுக்காமல் விட்டவை

செவ்வாய்க்கிழமை பக்கத்துக் குடித்தனத்திலிருந்து ஒரு மாத்திரை அட்டை வந்தது. ஓஃப்ளாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்தது, மனிதர் லூஸ் மோஷனுக்கு வாங்கி மீதம் வைத்தது. கொடுக்கவில்லை. இதுபோன்ற சாதாரண பேதி ஆன்டிபயாடிக் இல்லாமலே நிற்கும்; கொடுத்தால் குடலில் நல்லது செய்யும் நுண்ணுயிர்களும் சாகும். பேதியை அடக்கும் லோபரமைடும் வேண்டாம்: விஷமோ கிருமியோ உள்ளே இருந்தால் வெளியேறும் வழியை அடைக்கிறது, கோலி இன நாய்களில் பலவற்றுக்கும் அவற்றின் கலப்புகளுக்கும் அது மூளைக்குள் ஏறி மயக்கும். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் வயிற்றையே புண்ணாக்கும். வாந்தி மாத்திரையை மருத்துவர் தரலாம். நாமாகக் கொடுத்தால் குடல் அடைப்பின் முக்கிய அடையாளத்தையே மறைத்துவிடுகிறோம்.

குழந்தைக்கு இழைக்கும் உரை மருந்தும் வேண்டாம். அதில் ஜாதிக்காய் இருக்கிறது. அளவு கூடினால் நாய்க்கு நடுக்கமும் பிதற்றலும் வரும். ஓம வாட்டரால் பயன் இல்லை. தயிர், மலம் 4-க்கு வந்தபின் ஒரு கரண்டி, உப்பில்லாமல்.

புதன்கிழமை மீன்குழம்பு

புதன் காலை மணி வாலாட்டி வாசலுக்கு ஓடியது. மத்தியானம் பாட்டி கிண்ணத்தில் பிசைந்தார். "இன்னாமா இது, வாயில்லா ஜீவன், மூணு நாளா வெறுங்கஞ்சிய நக்கிகினு கெடக்குது. ஒரு வாய் துன்னட்டும்." காசிமேட்டு வஞ்சிரத் தலை, குழம்புச் சோறு.

ஆறு மணிக்கு ஒரு வாந்தி. ஏழரைக்கு மலம் மீண்டும் 6. இந்த முறை நிறம் கரும்பழுப்பு.

பாட்டியின் அன்பில் குறையில்லை. நாய் ஓடுவதைப் பார்த்தால் யாருக்கும் ஆறிவிட்டது என்றே தோன்றும். குடலின் உட்பூச்சு புதிதாக வளர மூன்று முதல் ஐந்து நாள் ஆகும்; அதில் செரிமான நொதிகள் சுரக்க இன்னும் கொஞ்சம். நாய் சுறுசுறுப்பாவது முதல் நாளில், குடல் தயாராவது ஐந்தாம் நாளில். நடுவில் இருக்கும் இந்த இடைவெளியில்தான் மறுபடி விழும் நாய்களில் பெரும்பாலானவை விழுகின்றன. வீட்டில் சோறு போடும் கை எத்தனையோ அத்தனை பேருக்கும் சொல்லி, அளவை ஒரு சீட்டில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்க வேண்டும். அது நடக்கவில்லை.

மீன்குழம்பில் எண்ணெயும் மிளகாயும் வெங்காயமும் மட்டுமல்ல, புளியும் இருக்கிறது. திராட்சையில் சிறுநீரகத்தைக் கெடுப்பது டார்டாரிக் அமிலம் என்று இப்போது கருதப்படுகிறது. புளியில் அதே அமிலம் நிறைய உண்டு. பேதியால் நீர் குறைந்த நாய்க்கு, மூன்று நாள் முன் வெங்காயம் தின்ற நாய்க்கு, இது சின்ன விஷயம் அல்ல. கரும்பழுப்பு நிறமும் சேர்ந்ததால் மறுநாள் மருத்துவமனை என்று முடிவானது. சரியான முடிவு.

வியாழன்: வேப்பேரி

காலையில் போன மலத்தை, மண் படாத மேல்பகுதியாக, மூடியுள்ள சின்ன டப்பாவில் ஒரு தேக்கரண்டி எடுத்தார்கள். மூன்று மணி நேரத்துக்குள் கொண்டுபோனால் அப்படியே போதும். தாமதமானால் ஃபிரிட்ஜில், ஃப்ரீசரில் அல்ல. நோட்டையும் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு.

ரத்தத்தில் சிவப்பணுப் பங்கு 34 சதவீதம்; 37-க்குக் கீழ் போனால் சோகை. கிரியேட்டினின் 1.1, சிறுநீரகம் பிழைத்திருந்தது. கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்த ரத்தத்தில், வெங்காயம் விட்டுச்செல்லும் உருண்டைகள் சிவப்பணுக்களில் இல்லை. உண்ணிக் காய்ச்சல் கிருமியும் காணவில்லை. மலத்தில் கொக்கிப்புழு முட்டை ஏராளம்.

குழம்பு மட்டும் காரணம் என்று நினைத்ததற்கு அடியில் இன்னொன்று இருந்தது. கொக்கிப்புழு சிறுகுடல் சுவரைக் கவ்வி ரத்தம் குடிக்கும். விட்ட இடத்திலும் ரத்தம் கசியும். மலத்தின் கரும்பழுப்பு அங்கிருந்து வந்தது. பிரியாணியால் எந்த நாய்க்கும் வயிறு கெட்டிருக்கும், ஆனால் ஒன்பது மாதம் பூச்சி மருந்து காணாத குடல் இரண்டாவது அடியைத் தாங்கவில்லை என்பதே பொருத்தமான விளக்கம்.

மருத்துவர் தோலடியில் குளுக்கோஸ் இல்லாத உப்பு நீர் ஏற்றி, பிராசிகுவான்டெல், பைரான்டெல், ஃபெபான்டெல் மூன்றும் சேர்ந்த மாத்திரை கொடுத்தார். 10 கிலோவுக்கு ஒரு மாத்திரை, மணியின் எடைக்கு இரண்டு. பதினைந்து நாள் கழித்து மறுபடி இரண்டு, ஏனென்றால் திசுக்களில் உறங்கும் இளம்புழு முதல் மருந்துக்குத் தப்பிக் குடலுக்குள் இறங்கும். கடையில் "நாய்க்குப் பூச்சி மாத்திரை ஒண்ணு" என்று கேட்டு வாங்கிக் கொடுத்திருந்தால் பாதி மருந்துதான் போயிருக்கும். ஆன்டிபயாடிக் எழுதவில்லை.

அன்று மறுபடி மூன்றில் ஒரு பங்குச் சோறு. வெள்ளி இரண்டு பங்கு, சனி முழு அளவு. இசப்கோல் ஞாயிறு வரை. வெள்ளி இரவு மலம் 4, ஞாயிறு காலை 2. அதன்பின் நான்கு நாளில் சப்பாத்தியும் வழக்கமான சோறும் திரும்பின.

வாசலில் மூன்று குடித்தனத்துக் குழந்தைகள் வெறுங்காலோடு விளையாடுவதால் மலத்தை அன்றன்றே அள்ளுவது கட்டாயமாயிற்று. கொக்கிப்புழு முட்டை ஈர மண்ணில் பொரிந்து ஒரு வாரத்துக்குள் தொற்றும் புழுவாகிவிடும். மனிதத் தோலுக்குள்ளும் புகுந்து நமைச்சலோடு கோடு கோடாக ஊரும். சிமெண்ட் தரையை முதலில் சோப்பு போட்டுக் கழுவி, அப்புறம்தான் பிளீச்சிங். அழுக்கின் மேல் ஊற்றிய பிளீச்சிங் வேலை செய்யாது. ஃபீனைல் ஊற்றினால் தரை காயும்வரை நாயைக் கட்டி வைக்க வேண்டும். பாதத்தில் ஒட்டியதை நக்கிவிடும்.

மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது சிவப்பணு 41 சதவீதம், எடை 18.4 கிலோ. பூச்சி மருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று காலண்டரில் குறித்தாயிற்று. குப்பைக் கவர் இப்போது மாடிப்படியின் கைப்பிடியில், நாய் எட்டாத உயரத்தில், கயிறு போட்டுத் தொங்குகிறது.